நாட் ஃபைஃப்: இரண்டு பிரவுன்லோ பதக்கங்கள், ஓயாத காயங்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்திரேலிய கால்பந்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கும் தமிழ் நண்பர்கள் ஃபிரிமேன்டில் அணியைப் பற்றிப் பேசினால் பேச்சு விரைவில் நாட் ஃபைஃபிடம் வந்துவிடும். "அவ்வளவு பெரிய ஆட்டக்காரர் என்கிறீர்கள், நான் பார்க்கும்போதெல்லாம் வெளியே உட்கார்ந்திருந்தாரே" என்பதுதான் பெரும்பாலும் முதல் சந்தேகம். அதைத் தொடர்ந்து வரும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் ஓரிடத்தில் தொகுத்திருக்கிறேன். ஆட்டத்தைப் பற்றி எதுவும் தெரியாதவர்கள் முதலிலிருந்து படிக்கலாம்.

நாட் ஃபைஃப் யார்? எந்த ஊர்க்காரர்?

1991 செப்டம்பர் 18 அன்று பிறந்தவர். மேற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமை வட்டாரத்தில், பெர்த்துக்குத் தென்கிழக்கே முந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் லேக் கிரேஸ் என்ற சிற்றூர்தான் அவருடைய சொந்த ஊர். குடும்பத் தொழில் லாரிப் போக்குவரத்து. பெர்த்தில் அக்வைனஸ் கல்லூரியின் விடுதியில் தங்கிப் படித்தார். 2009-ஆம் ஆண்டு தேசிய வீரர் தேர்வில் ஃபிரிமேன்டில் அணி அவரை 20-ஆவது தேர்வாக எடுத்தது. அவருக்கு முன்னால் 19 பேரை மற்ற அணிகள் எடுத்துக்கொண்டன என்பதை ஃபிரிமேன்டில் ரசிகர்கள் இன்றும் மகிழ்ச்சியோடு நினைவுகூர்வார்கள்.

2010 முதல் 2025 வரை ஃபிரிமேன்டில் என்ற ஒரே அணிக்காக, 7-ஆம் எண் சட்டையில், 248 ஆட்டங்கள் ஆடினார். 2017 முதல் 2022 வரை கேப்டனாக இருந்தார்.

நடுக்கள ஆட்டக்காரர் என்றால் களத்தில் என்ன வேலை?

ஒரு பக்கத்துக்கு 18 பேர் ஆடுகிறார்கள். மைதானம் முட்டை வடிவம். சில மைதானங்கள் 150 மீட்டருக்கும் மேல் நீளம். ஒவ்வொன்றும் 20 நிமிடம் கொண்ட நான்கு கால்பகுதிகள். பந்து ஆட்டத்தில் இல்லாத நேரம் கணக்கில் சேராததால் ஒரு கால்பகுதி அரை மணி நேரம் வரை நீளும். நான்கு பெரிய கம்பங்களில் நடுவிலுள்ள இரண்டுக்கு இடையே உதைத்தால் கோல், 6 புள்ளிகள். பக்கத்துக் கம்பங்களுக்குள் போனால் 1 புள்ளி.

முன்களத்தார் ஒரு முனையிலும் தடுப்பாட்டக்காரர்கள் மறுமுனையிலும் நிற்க, நடுக்களத்தார் பந்து எங்கே போகிறதோ அங்கெல்லாம் போகிறார்கள். ஒரே ஆட்டத்தில் 12, 13 கிலோமீட்டர் ஓடுவது அவர்களுக்கு வழக்கமான ஒன்று. தரையில் கிடக்கும் பந்துக்காக நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் குனிந்து முட்டிக்கொள்ளும் இடத்தில் எப்போதும் அவர்கள்தான் இருப்பார்கள். ஓட்டத்தால் வரும் தசைக்காயம், மோதலால் வரும் எலும்புக்காயம் இரண்டுக்கும் ஆளாகிற இடம் இது.

நடுக்களத்தார் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இவரிடம் அப்படி என்ன தனிச்சிறப்பு?

உயரம்தான் முதல் காரணம். பந்துக்கான மோதலில் பெயரெடுத்த நடுக்களத்தார் பலர் குட்டையானவர்கள். தரைக்கு அருகே இருப்பது அங்கே பயன்படும். ஃபைஃப் 190 சென்டிமீட்டருக்கும் மேல். அந்த உயரத்தோடு தரையிலிருந்தும் பந்தை எடுப்பார். ஒரு முன்களக்காரரைப் போல எகிறி வானத்திலும் பிடிப்பார். அவரை யாரை வைத்துத் தடுப்பது என்பது எதிரணிப் பயிற்சியாளருக்குத் தீராத தலைவலி. உயரமானவரை நிறுத்தினால் தரையில் தோற்பார், குட்டையானவரை நிறுத்தினால் வானத்தில் தோற்பார்.

இரண்டாவது காரணம் அவருடைய துணிவு. பந்து விழும் இடத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, எதிரே யார் வருகிறார்கள் என்று பார்க்காமல் பின்னோக்கி ஓடி எகிறுவார். அவருடைய காயங்களையும் அவருடைய திறமையையும் தனித்தனியாகப் பிரிக்க முடியாது என்பது என் உறுதியான கருத்து. பாதுகாப்பாக ஆடும் ஃபைஃப் என்று ஒருவர் இருந்திருந்தால் அவருக்கு இந்தப் பெயர் கிடைத்திருக்காது.

அவருக்கு ஏற்பட்ட காயங்களை வரிசையாகச் சொல்ல முடியுமா?

பெரியவற்றை மட்டும் சொல்கிறேன். மூன்றாவது பருவமான 2012-இல் தோள்பட்டைக் காயம் அவரை வாரக்கணக்கில் வெளியே உட்கார வைத்தது. 2015-இன் இறுதியில் கால் எலும்பு முறிந்தது. 2016-இல் ஐந்தே ஆட்டங்கள். பெர்த்தில் கார்ல்டன் அணியோடு நடந்த ஐந்தாவது சுற்றில் அதே எலும்பு மறுபடி முறிந்து, அந்தப் பருவம் முழுவதும் போயிற்று. 2018-இலும் 2020-இலும் தொடையின் பின்தசை தொல்லை கொடுத்தது.

2021-இல் தோள்பட்டை மூட்டு நழுவி, பருவம் முடிவதற்கு முன்பே அவர் ஆட்டம் முடிந்தது. அறுவை சிகிச்சை நடந்தது. அது ஆறிவரும்போதே முதுகில் பிரச்சினை வந்து, அதற்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, 2022 பருவத்தின் நடுவில்தான் திரும்பினார். 2023-இன் முதல் சுற்றிலேயே உள்ளங்காலின் தசைநார்த் திசுவில் காயம்; தேறி வந்த பிறகு அதே ஆண்டில் பாத எலும்பிலும் கீறல். 2022, 2023 இரண்டு ஆண்டுகளிலும் அவர் ஆடிய ஆட்டங்கள் ஒற்றை இலக்கம்தான். 2024-இல் ஓரளவு முழுப் பருவம் கிடைத்தது. 2025-இல் மறுபடி காயங்கள், ஒரு சில ஆட்டங்கள், ஓய்வு.

மொத்தத்தில் எத்தனை ஆட்டங்களைத் தவறவிட்டார்?

இதற்கு ஒரு தோராயக் கணக்கு போடலாம். அவர் அணியில் இருந்த 16 ஆண்டுகளில் பெரும்பாலானவற்றில் ஒரு அணிக்கு 22 சுற்று ஆட்டங்கள். கொரோனா காலத்தில் சுருக்கப்பட்ட 2020-இல் 17. 2023 முதல் 23. எல்லாவற்றையும் கூட்டினால் 350 வருகிறது. அதற்கு மேல் இறுதிச்சுற்று ஆட்டங்கள் தனி. அவர் ஆடிய 248-இல் இறுதிச்சுற்றுகளும் அடங்கும்.

ஆகவே நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் அவர் இல்லை. தொடக்க காலத்தில் அணியில் இடம் கிடைக்காத சில வாரங்களையும் தடை பெற்ற சில வாரங்களையும் கழித்தாலும், மீதி கிட்டத்தட்ட எல்லாமே காயத்துக்குப் போனவை. ஏறக்குறைய நான்கு முழுப் பருவங்கள்.

எலும்பு முறிந்த காலோடு 2015 அரையிறுதியில் ஆடினாராமே, அது எப்படி முடியும்?

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள் இருக்கின்றன. முன்னால் தடித்திருப்பது டிபியா. உடல் எடையின் பெரும்பங்கை அதுதான் தாங்குகிறது. வெளிப்பக்கத்தில் மெல்லியதாக இருப்பது ஃபிபுலா. அது தசைகள் பற்றிக்கொள்ளவும் கணுக்காலை நிலைப்படுத்தவும் உதவுகிறதே தவிர, எடை தாங்குவதில் அதன் பங்கு சிறியது. டிபியா முறிந்தால் நிற்கக்கூட முடியாது. ஃபிபுலாவின் நடுப்பகுதி முறிந்தால், தாங்க முடியாத வலியோடு, நடக்க முடியும்.

2015 பருவத்தின் பிற்பகுதியில் அவருடைய ஃபிபுலா ஏற்கனவே பலவீனப்பட்டிருந்தது. செப்டம்பர் 25 அன்று பெர்த்தின் சுபியாகோ மைதானத்தில் ஹாத்தோர்ன் அணியோடு நடந்த அரையிறுதியில் அது முறிந்தது. அவர் தொடர்ந்து ஆடினார். ஃபிரிமேன்டில் 27 புள்ளிகளில் தோற்றது. மூன்று நாள் கழித்து, பருவத்தின் சிறந்த ஆட்டக்காரரை அறிவிக்கும் பிரவுன்லோ விழா மேடையில் பதக்கத்தைக் கழுத்தில் வாங்கிக்கொண்டார்.

அது வீரமா, அறிவில்லாத செயலா? அடுத்த ஆண்டே அதே எலும்பு முறிந்ததே?

இரண்டையும் நேர்க்கோட்டில் இணைப்பது எளிது, ஆனால் சரியல்ல. 2015 முறிவுக்குப் பிறகு அறுவை சிகிச்சையும் பல மாத ஓய்வும் நடந்தன. 2016-இல் முறிந்தது, சிகிச்சை பெற்று அவர் களத்துக்குத் திரும்பிய பிறகு. அரையிறுதியில் வெளியேறியிருந்தால் 2016-இல் முறிந்திருக்காது என்று யாராலும் நிறுவ முடியாது.

ஆனாலும் ரசிகர்கள் அந்த இரவைக் கொண்டாடும் விதம் எனக்கு உவப்பானது அல்ல. அந்தப் பருவத்தில் ஃபிரிமேன்டில் பட்டியலில் முதலிடம் பிடித்திருந்தது, அதன் வரலாற்றில் முதல்முறையாக. கோப்பைக்கு இரண்டே ஆட்டங்கள் இருந்தன. அந்த நிலையில் ஆடுகிறேன் என்று சொல்பவரின் மனம் எனக்குப் புரிகிறது. ஆனால் அதைப் பதினேழு வயதுப் பையன்களுக்கு முன்மாதிரியாகக் காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அவர்களுக்குப் பின்னால் மருத்துவக் குழு நிற்கப்போவதில்லை.

தொடையின் பின்தசைக் காயம் சிறியதுதானே? ஏன் திரும்பத் திரும்ப வருகிறது?

ஆஸ்திரேலிய கால்பந்தில் மிக அதிகமாக ஏற்படும் காயமே அதுதான். இந்த அணிகள் ஆடும் தேசிய லீகின் ஆண்டுதோறும் வெளியாகும் காயக் கணக்கெடுப்பு பல ஆண்டுகளாக அதையே காட்டுகிறது. முழு வேகத்தில் ஓடும்போது, முன்னே வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன், இந்தத் தசை நீண்டுகொண்டே காலை நிறுத்தியாக வேண்டும். அந்த நொடியில்தான் இழை கிழிகிறது. குனிந்து பந்தை எடுத்தபடியே ஓடுவதும், ஓடியபடியே உதைப்பதும் அதே தசையை மேலும் இழுக்கின்றன.

ஒருமுறை கிழிந்த இடம் ஆறினாலும் முன்பிருந்த நெகிழ்வு முழுவதும் திரும்புவதில்லை. முன்பு கிழிந்த வரலாறும் வயதும்தான் மறுபடி கிழிவதற்கு மிக வலுவான காரணிகள். ஃபைஃப் முப்பதைக் கடந்த பிறகு இரண்டுமே அவரிடம் இருந்தன.

பிரவுன்லோ பதக்கம் என்பது என்ன? இத்தனை ஆட்டம் தவறவிட்டவர் அதை இரண்டு முறை எப்படி வென்றார்?

1924 முதல் வழங்கப்படும் பதக்கம். தனி ஆட்டக்காரருக்கான மிக உயர்ந்த பெருமை. ஒவ்வொரு சுற்று ஆட்டமும் முடிந்ததும் கள நடுவர்கள் கூடி, சிறந்த மூவருக்கு 3, 2, 1 என வாக்களிப்பார்கள். பருவம் முடிந்ததும் கூட்டுகிறார்கள். இறுதிச்சுற்று ஆட்டங்கள் சேராது.

தவறவிட்ட ஆட்டங்கள் சீராகப் பரவியிருக்கவில்லை என்பதில்தான் விடை இருக்கிறது. 2015-இலும் 2019-இலும் அவர் பெரும்பாலான சுற்றுகளில் ஆடினார். 2015-இல் 31 வாக்குகள்; கடைசி வாரங்களில் சில ஆட்டங்களைக் காயத்தால் இழந்தும், இரண்டாவதாக வந்த மேட் பிரிடிஸைவிட மூன்று கூடுதல். ஃபிரிமேன்டில் அணிக்குக் கிடைத்த முதல் பிரவுன்லோ அதுதான். 2019-இல் 33 வாக்குகள். இரண்டாமவர் பேட்ரிக் டேஞ்சர்ஃபீல்டுக்கு 27. அந்த ஆண்டு ஃபிரிமேன்டில் இறுதிச்சுற்றுக்கே தகுதி பெறவில்லை, பயிற்சியாளர் ராஸ் லயன் பருவம் முடிவதற்குள் நீக்கப்பட்டார். தோற்கும் அணியில் இருந்துகொண்டு நடுவர்களின் கண்ணில் இவ்வளவு படுவது அரிது. என் கணக்கில் 2015-ஐவிட 2019-தான் பெரிய சாதனை.

2014-இலும் அவர்தான் வென்றிருக்க வேண்டும் என்கிறார்களே?

அதிக வாக்கு அவருக்குத்தான் என்று சிலர் சொல்வது தவறு. அந்த ஆண்டு வென்ற பிரிடிஸுக்கு 26 வாக்குகள், ஃபைஃபுக்கு 25. ஆனால் அவர் ஆடிய ஆட்டங்கள் குறைவு, அதனால்தான் இந்த வாதம் எழுகிறது. இரண்டாவது சுற்றில் கோல்ட் கோஸ்ட் அணியின் மைக்கேல் ரிஷிடெல்லியைத் தோளால் இடித்தபோது தலைகள் மோதிக்கொண்டன. இரண்டு வாரத் தடை விழுந்தது. பிற்பகுதியில் ஹாத்தோர்னின் ஜோர்டன் லூயிஸைத் தாக்கியதற்காக மீண்டும் ஒரு தடை.

தடை பெற்றவருக்குப் பதக்கம் கிடையாது என்பது விதி. ஆகவே ஒரு வாக்கு கூடுதலாக வந்திருந்தாலும் அவரால் வாங்கியிருக்க முடியாது. 1997-இல் கிறிஸ் கிரான்ட் 27 வாக்குகள் பெற்றும், தடையின் காரணமாகப் பதக்கம் 26 வாக்குகள் பெற்ற ராபர்ட் ஹார்விக்குப் போனது. சக ஆட்டக்காரர்களின் வாக்கால் தரப்படும் லீ மேத்யூஸ் கோப்பைக்கு அந்த விதி இல்லை. 2014, 2015 இரண்டு ஆண்டுகளிலும் அதை ஃபைஃபுக்கே கொடுத்தார்கள்.

கால் இரண்டு முறை முறிந்தவரை 2017-இல் கேப்டனாக்கி, ஆறு ஆண்டு ஒப்பந்தமும் ஏன் கொடுத்தார்கள்?

அப்போது அவருக்கு 25 வயது. முறிந்த எலும்பு ஆறிவிடும். அதை வைத்து அடுத்த ஆறு ஆண்டுகளைக் கணிக்க முடியாது. 2023 வரை அவரைக் கட்டிப்போடாவிட்டால் வேறு அணிகள் தூக்கிக்கொண்டு போயிருக்கும். 2019 பருவமும், அந்த ஆண்டின் ஆல்-ஆஸ்திரேலிய அணிக்கு (லீக் முழுவதிலிருந்தும் சிறந்தவர்களைத் தேர்ந்து அறிவிக்கும் கௌரவ அணி) அவர் கேப்டனாகப் பெயரிடப்பட்டதும் அந்த ஒப்பந்தத்தின் காலத்தில்தான்.

கடைசி மூன்று ஆண்டுகள் அணிக்கு நட்டம் என்பதை மறுக்கவில்லை. இருந்தும் மறுபடி அதே இடத்தில் நின்றால் ஃபிரிமேன்டில் அதே முடிவைத்தான் எடுக்க வேண்டும். 2023 பருவத்துக்கு முன் அவர் கேப்டன் பதவியை விட்டுக்கொடுக்க, அலெக்ஸ் பியர்ஸ் பொறுப்பேற்றார்.

அவரை ஏன் முன்களத்துக்கு மாற்றிப் பார்த்தார்கள்?

ஓட்டத்தைக் குறைக்க. முன்களத்தில் வேகமாக ஓடும் தூரம் குறைவு, உயரமும் பிடிக்கும் திறனும் அங்கேயும் பயன்படும். தாளில் பார்த்தால் பொருத்தமான முடிவு. ஆனால் 2022-இலும் 2023-இலும் அவர் அங்கே தொடர்ந்து ஆடிப் பழகவே காயங்கள் இடம் கொடுக்கவில்லை. 2024-இல் நடுக்களத்துக்கே திரும்பினார். இளையவர்களுக்கு நடுவே, பழைய வேகம் இல்லாமல், பந்து எங்கே விழும் என்ற அறிவை வைத்து ஆடினார். அந்த ஆண்டு ஆட்டத்தை நான் மிகவும் விரும்பிப் பார்த்தேன்.

கோப்பை வென்றாரா?

இல்லை. 1995-இல் லீகில் சேர்ந்த ஃபிரிமேன்டில் இன்னும் ஒரு கோப்பையும் வெல்லவில்லை. அவர் ஆடிய ஒரே மாபெரும் இறுதி 2013-இல். மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் ஹாத்தோர்ன் 77, ஃபிரிமேன்டில் 62. அன்று ஃபைஃப் தம் அணியின் சிறந்தவர்களில் ஒருவர், ஆனால் தொடக்கத்தில் கோலை நோக்கி அவர் எடுத்த உதைகள் குறி தவறின. 22 வயதை எட்டிப் பத்தே நாள் ஆகியிருந்த பையன் அவர். 15 புள்ளித் தோல்வியை அவர் தலையில் சுமத்துவது அநியாயம். அணியே அன்று 8 கோல்கள்தான் அடித்தது.

அவர் இல்லாதபோது அணி என்ன ஆனது?

2016-ஐப் பாருங்கள். முந்தைய ஆண்டு பட்டியலில் முதலிடம். அந்த ஆண்டு முதல் பத்து ஆட்டங்களிலும் தோல்வி, மொத்தம் நான்கு வெற்றிகள், 16-ஆவது இடம். எல்லாவற்றுக்கும் ஒருவருடைய கால் காரணமல்ல. அவர் களத்தில் இருந்த முதல் ஐந்து ஆட்டங்களையும் அணி தோற்றது. மூத்தவர்கள் பலர் ஒரே நேரத்தில் தளர்ந்திருந்தார்கள்.

அந்த வெற்றிடத்தில்தான் லாக்கி நீல் வளர்ந்தார். ஃபிரிமேன்டிலின் சிறந்த ஆட்டக்காரருக்கான டாய்க் பதக்கத்தை அந்த ஆண்டு வாங்கினார். 2018-க்குப் பிறகு பிரிஸ்பேனுக்குப் போய், 2020-இலும் 2023-இலும் பிரவுன்லோ வென்றார். ஒரே அணியில் பக்கத்துப் பக்கத்தில் ஆடிய இருவரிடம் இன்று நான்கு பிரவுன்லோக்கள். ஃபிரிமேன்டில் ரசிகர்களுக்கு அந்த நினைப்பு வலிக்கத்தான் செய்யும்.

இவரைவிட மோசமாகக் காயப்பட்டவர்கள் இருக்கிறார்களா?

நிறைய. ஃபைஃபின் பட்டியலில் முழங்காலின் ஏசிஎல் தசைநார் அறுவது இல்லை. அது ஒன்றே ஓர் ஆண்டை விழுங்கும். சிட்னியின் தடுப்பாட்டக்காரர் அலெக்ஸ் ஜான்சன் 2012-இல் கோப்பை வென்றார், பிறகு ஒரே முழங்காலில் மறுபடி மறுபடி அறுவை சிகிச்சை செய்துகொண்டு, கிட்டத்தட்ட ஆறு ஆண்டு கழித்து 2018-இல் திரும்பினார். இரண்டாவது ஆட்டத்தில் மற்றொரு முழங்கால் போயிற்று. நடுக்களத்தாரில் ஜேகர் ஓமேரா 2013-இன் சிறந்த இளம் ஆட்டக்காரர். முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநாரால் 2015, 2016 இரண்டு பருவங்களையும் முழுமையாக இழந்தார். பிற்காலத்தில் ஃபிரிமேன்டிலுக்கு வந்து ஃபைஃபோடு ஆடினார்.

அப்படியானால் 'காயத்தால் வீணான ஆட்ட வாழ்க்கை' என்று ஃபைஃபைச் சொல்லலாமா?

சொல்லக்கூடாது. இரண்டு பிரவுன்லோக்கள், மூன்று முறை ஆல்-ஆஸ்திரேலிய அணியில் இடம், 248 ஆட்டங்கள். இதை வீண் என்றால் லீகில் ஆடிய பெரும்பாலோரைப் பற்றி என்ன சொல்வது? ஜான்சனைப் போன்றவர்களுக்குத்தான் காயம் முழு வாழ்க்கையையும் எடுத்துக்கொண்டது. ஃபைஃபிடமிருந்து அது பறித்தது முதிர்ந்த ஆண்டுகளை: 30 முதல் 32 வயது வரை, உடல் சற்றுத் தளர்ந்து அறிவு கூர்மையாகும் காலத்தை. 2024-இல் அதன் ஒரு பகுதியைத்தான் நாம் பார்த்தோம்.

இன்னொரு நான்கு பருவம் கிடைத்திருந்தால் எல்லாக் காலத்திலும் சிறந்தவராக ஆகியிருப்பாரா?

மூன்றாவது பிரவுன்லோ வந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். 2016-இல் அவர் 24 வயதில் உச்சத்தில் இருந்தார். அதற்கு மேல் சொல்ல மாட்டேன். மூன்றாவது பதிலில் சொன்ன காரணமே இதற்கும்: காயப்படாமல் அதே விதத்தில் ஆடிய ஃபைஃபைக் கற்பனை செய்தால் நாம் பேசுவது வேறொருவரைப் பற்றி.

கடைசி ஆட்டம் எப்படி முடிந்தது?

2025 செப்டம்பரில், பெர்த்தில், கோல்ட் கோஸ்ட் அணியோடு நடந்த வெளியேற்றுச் சுற்று, அதாவது தோற்றவர் பருவத்தை விட்டே வெளியேறும் இறுதிச்சுற்று ஆட்டம். மாற்று ஆட்டக்காரராக வெளியே உட்கார்ந்திருந்து, பிற்பகுதியில் களமிறங்கினார். ஃபிரிமேன்டில் 1 புள்ளியில் தோற்றது.

புதிதாகப் பார்ப்பவருக்கு அவருடைய எந்த ஆட்டங்களைப் பரிந்துரைப்பீர்கள்?

2015 பருவத்தின் முதல் பாதி. உடல் முழுமையாக ஒத்துழைத்த மாதங்கள் அவை. பழைய சுபியாகோ மைதானத்தில், நடுவட்டத்தில் பந்து எறியப்படும்போது அவரை மட்டும் பாருங்கள். முதலில் எங்கே நிற்கிறார், பந்து கீழே வருவதற்குள் எங்கே போய்விடுகிறார் என்று. பிறகு 2019-இன் ஏதாவது ஒரு தோல்வி ஆட்டத்தைப் பாருங்கள். அரையிறுதி முறிவுக் காட்சியைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.